ஈ விழுங்கிய கிரகணம்

கறுப்புத் துணிக்குள் அந்துருண்டை வாசனை மூச்சை முட்டியது. தலையும் தோளும் துணிக்குள்ளே, கைகள் கருவிப் பெட்டிக்குள்ளே, கால்கள் மட்டும் வெளியே. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். செருப்போடு நின்றால் மேடை அதிரும், மேடை அதிர்ந்தால் கருவி ஆடும் என்பது எங்கள் பேராசிரியர் நாகபூஷண சாரின் சட்டம். சற்று முன்புவரை பாதத்தைப் பொசுக்கிய சிமெண்டு மேடை இப்போது மளமளவென்று குளிர்ந்துகொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... நாப்பது..."

வெளியே எண்ணிக்கொண்டிருந்தவர் என் கணவர் அருள்ராஜ். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. வட கர்நாடகத்தில், ராய்ச்சூர் பக்கம், பருத்திக் காடுகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட மைதானம். மாசி மாதத்து வெயில், பிற்பகல் நேரம். தலைக்கு மேலே பூரண சூரிய கிரகணம்.

நாற்பத்தொன்று வந்தது. நாற்பத்திரண்டு வந்தது. அதோடு குரல் நின்றுவிட்டது.

என் கையில் மூன்றாவது புகைப்படத் தகடு திறந்து கிடந்தது. எந்த எண்ணில் திறக்க வேண்டும், எந்த எண்ணில் மூட வேண்டும் என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தோம். எண்ணுகிறவரே வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது? நானே தொடர்ந்து எண்ணியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த எண் இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று காத்திருந்ததில் எனக்கும் தப்பிவிட்டது.

எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. காற்று துணியின் ஓரத்தைத் தூக்கிப் போட்டது. அப்புறம் ஓர் இருமல்.

"நாப்பத்து மூணு," என்று குரல் மறுபடி ஆரம்பித்தது.

முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர், "ஆயுள் முழுக்கச் சூரியனை ஆராய்ந்திருக்கிறீர்கள், எத்தனை பூரண கிரகணம் பார்த்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நாலு தடவை நிலாவின் நிழலுக்குள் நின்றிருக்கிறேன் ஐயா. ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

கல்யாண வீட்டுச் சமையற்காரர் தாலி கட்டுவதைப் பார்ப்பாரா? எங்கள் தொழிலும் அப்படித்தான். மேலே அதிசயம் நடக்கும்போது கீழே எங்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும்.

சூரியனைச் சுற்றி மிக மெல்லிய ஒரு வெள்ளொளி உண்டு. கரோனா என்போம். சாதாரண நாளில் சூரியனின் பிரகாசம் அதைக் காட்டவே காட்டாது. நிலா வந்து சூரியத் தட்டை முழுக்க மூடுகிற அந்தச் சில நிமிஷம்தான் அது தெரியும். அதில் ஒரு விடுகதை இருக்கிறது. சூரியனின் மேற்பரப்பைவிட, அதைத் தாண்டி வெளியே இருக்கிற கரோனாதான் பல மடங்கு அதிகச் சூடு. அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போக அனல் கூடுமா? கூடுகிறது. ஏன் என்று கேட்பதிலேயே என் வாழ்க்கை போய்விட்டது.

அன்றைக்கு மூன்று நிமிஷம்கூட இல்லை. அதற்குள் ஐந்து கண்ணாடித் தகடுகளில் ஒளியைப் பிடிக்க வேண்டும். வெளி வெளிச்சம் ஒரு பொட்டு கசிந்தாலும் தகடு பாழ். அதனால்தான் அந்தக் கறுப்புத் துணி. துணிக்குள் இருப்பவருக்குக் கடிகாரம் தெரியாது, ஆகவே வெளியே ஒருவர் உரக்க எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு நாங்கள் கொண்டுபோன மின்கடிகாரம் ஒன்று இருந்தது, நொடிக்கு ஒரு தரம் மணியடிக்கும். பெங்களூரிலிருந்து லாரியில் குலுங்கிப் போனதில் அது செத்துப்போனது. சார் மைதானத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு அவர் கண் அருள்ராஜ் மேல் விழுந்தது.

அருள்ராஜ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். இயற்பியலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிரகணம் பார்க்கலாம் என்று லீவு போட்டுவிட்டு எங்களோடு லாரியின் முன்சீட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். மண்ணெண்ணெய் விளக்கில் காட்டிக் கரி பிடிக்க வைத்த கண்ணாடித் துண்டுகள் இரண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

ஆனால் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் தாளம் பிசகாத மனிதர் என்றால் அவர்தான். ஆர்கன் வாசிக்கிறவரே அவருடைய வலது காலைப் பார்த்துத்தான் வாசிப்பார். இதை நான்தான் ஒரு நாள் பெருமையாகச் சாரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"மிஸ்டர் அருள்ராஜ், சொல்ப ஹெல்ப் பண்ணணும்," என்றார் சார். மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகி அவருக்கும் ஒரு தமிழ் வந்திருந்தது. "நூத்து எழுவது வரைக்கும் ஒரே சீரா எண்ணணும். ஆனா சூரியனுக்கு முதுகைக் காட்டி உக்காரணும். திரும்பினா போச்சு. பெரிய பெரிய ஆளுங்களே வாயைத் தொறந்துட்டு நின்னுட்டாங்க."

அருள்ராஜ் என்னைப் பார்த்தார். நான் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி சார். அதுக்கென்ன," என்றார். என் பக்கத்தில் வந்து, "அடுத்த தடவ பாத்துக்கலாம் கிரேஸ்," என்று மெதுவாகச் சொன்னார்.

இந்த நாட்டில் அடுத்த தடவை எப்போது என்று எனக்கு அத்துப்படி. அதற்குள் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து ஹைஸ்கூலுக்கே போய்விடும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் உட்கார்ந்திருப்பார். ஆனாலும் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. ஓட்டல் இல்லை, டீ இல்லை. சமைத்ததைக் கொட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் நெற்றி நிறைய விபூதி பூசியவர், நல்ல மனுஷர். என்னைத் 'தாயி' என்று கூப்பிட்டு, கல்யாணமான சின்னப் பெண் இந்த நேரத்தில் வெளியே நிற்கலாமா என்று கன்னடத்தில் கவலைப்பட்டார். தான் தலை நிமிர்ந்து பார்க்கவே போவதில்லை என்றும் சொன்னார். பிஸ்கட்டும் பானைத் தண்ணீரும்தான் எங்கள் மத்தியானச் சாப்பாடு.

பள்ளிச் சுவரைப் பார்த்தபடி ஒரு ஸ்டூல் போட்டு அருள்ராஜை உட்கார வைத்தோம். அவருடைய நிழல் சுவரில் நீளமாக விழுந்திருந்தது. நான் துணிக்குள் நுழைந்தேன்.

ஈ

"தொண்டையில ஈ போயிருச்சு சார்," என்றார் அருள்ராஜ், எல்லாம் முடிந்த பிறகு.

சார் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். கிரகணம் இத்தனை நொடி என்று பஞ்சாங்கக் கணக்கு எங்களிடம் இருந்தது. அருள்ராஜ் எண்ணி முடித்த எண் அதைவிடக் குறைவு. அந்தக் குறைவில் ஈ எவ்வளவு, மனுஷக் குரலின் இயல்பான தாமதம் எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

மூன்றாவது தகடுதான் என் ஆராய்ச்சிப் பட்டத்தின் உயிர். கரோனாவின் வெளி விளிம்பு, கண்ணுக்கு எட்டாத மங்கல் ஒளி, அதில்தான் விழுந்திருந்தது. படம் அற்புதமாக வந்திருந்தது. எத்தனை நொடி ஒளி விழுந்தது என்று தெரியாததால் அதை வைத்து ஒன்றையும் அளக்க முடியவில்லை. எடைக்கல் தெரியாத தராசில் பொன்னை வைத்து என்ன செய்வது? அதை ஒதுக்கிவிட்டு மீதி நாலு தகடுகளை வைத்து ஒப்பேற்றினேன். பட்டம் தாமதமாக வந்தது, பேசப்படாமல் போனது.

எனக்குக் கோபம். ஊமைக் கோபமாக வைத்திருக்கத் தெரியாதவள் நான், கேலியாக மாற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அந்த ஈக்குக் கிடைத்த புகழ் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.

கிறிஸ்துமஸ் பிரியாணியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால், "என்னங்க, உங்க பிரெண்டு வந்திருக்கார்," என்பேன். என் மகள் ஷீபா பேசப் பழகியதும் அவளும் சேர்ந்துகொண்டாள். "டாடி வாயை மூடிக்கோ, மம்மி தீசிஸ் போயிரும்," என்பாள். விருந்தாளிகளுக்குக் கதை சொல்வது நான்தான். ஒவ்வொரு முறையும் ஈ கொஞ்சம் பெரிதாகும். அருள்ராஜ் தட்டின் மேல் கையைக் குடை பிடித்தபடி சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை.

நிலாவை நம்பாதவள்

ஒரு விதத்தில் அந்த ஈதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

நிலாவையும் வானத்தையும் மனுஷத் தொண்டையையும் நம்பி இனி ஒரு தகடு எடுக்க மாட்டேன் என்று வைராக்கியம் வந்தது. கருவிக்குள்ளேயே ஒரு சின்ன வட்டத் தட்டை வைத்துச் சூரியனை மறைத்துவிட்டால்? அந்தக் கருவியைச் செயற்கைக்கோளில் ஏற்றிக் காற்றுக்கு வெளியே அனுப்பிவிட்டால்? வருஷம் முழுக்க, நாள் முழுக்கக் கிரகணம்தான். யாரும் எண்ண வேண்டாம். கேட்கச் சுலபம். தட்டின் ஓரத்தில் ஒரு தூசி இருந்தால் போதும், அதில் பட்டுச் சிதறும் வெளிச்சம் கரோனாவை விழுங்கிவிடும்.

அந்தத் தூசியோடு சண்டை போட்டே என் காலம் கழிந்தது. பெங்களூரின் மறுகோடியில் எங்கள் ஆய்வுக்கூடம். தலைக்கு உறை, வாய்க்கு உறை, காலுக்கு உறை போட்டுக்கொண்டு தூசியில்லாத அறைக்குள் போனால் வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். மல்லிகைப் பூ வைத்துக்கொள்ள மாட்டேன், பவுடர் போட மாட்டேன். லிங்கராஜபுரத்துக்குப் பஸ் மாறி மாறி வந்து சேர்வேன். அருள்ராஜ் சோறு வடித்து, ஷீபாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, பாடகர் குழு ஒத்திகைக்கும் போய்வந்திருப்பார்.

இந்தியாவில் அடுத்த கிரகணம் வந்தது. ராஜஸ்தான். இப்போது நான் குழுவின் தலைவி. "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். ஷீபாவுக்குப் பரீட்சை, வீட்டில் யார் இருப்பது? நான் மட்டும் போனேன். கறுப்புத் துணி போய் வேன் வந்திருந்தது. வேனுக்குள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாணவர்கள் வெளியே கூச்சல் போட்டார்கள். கதவைத் திறந்தால் ஒரே ஒரு எட்டுத்தான். திறக்கவில்லை.

அதற்கடுத்தது குஜராத்தில், மேகம் மூடியது. அதற்கும் அடுத்தது பீகாரில், மழையே பெய்தது. அந்த இரண்டுக்கும் அருள்ராஜ் வரட்டுமா என்று கேட்கவில்லை. கேட்காதது அப்போது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

நான் ஓய்வுபெற்ற பிறகுதான் எங்கள் கருவி விண்ணுக்குப் போனது. நான் விட்டுப்போன இடத்திலிருந்து பிள்ளைகள் பிரமாதமாகச் செய்து முடித்திருந்தார்கள். முதல் படங்கள் டிவியில் வந்தன. அருள்ராஜ் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதான் உன் கிரகணமா?" என்றார்.

"ஆமா. இதுல ஈ போகாது," என்றேன். அப்போதும் நான் விடவில்லை.

டெக்சாஸிலிருந்து வந்த வீடியோ

அருள்ராஜ் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். போன வருஷ மழைக்காலத்தில் கண்ணை மூடினார். இப்போது சொல்லப்போவது அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் நடந்தது.

ஷீபா டெக்சாஸில் இருக்கிறாள். அவள் வீட்டுப் புல்வெளியிலிருந்தே பூரண கிரகணம் தெரியும் என்று ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "மம்மி, நீ ஒண்ணுமே செய்ய வேணாம். சேர் போட்டு உக்காந்து பாரு. அவ்ளோதான்."

"நீ போய்ட்டு வா கிரேஸ்," என்றார் அருள்ராஜ். "ஆஸ்பத்திரிக்கு என் தம்பி கூட்டிட்டுப் போவான்."

நான் போகவில்லை. அந்த நிலையில் அவரை விட்டுப் போக மனம் வரவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. "நான் பாக்காத கரோனாவா?" என்று ஷீபாவிடம் ஜம்பமாகச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை வீடியோ வந்திருந்தது. அருள்ராஜுக்கு உப்பில்லாத இட்லி, அளந்த தண்ணீர். அவர் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து ஓட விட்டேன். ஷீபாவின் பிள்ளைகள் கத்தினார்கள். திரையில் ஒரு வெள்ளைப் புகை, நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.

அருள்ராஜ் தலையை ஆட்டினார். "இது சரியா வரலியே."

"எது?"

"நடுவுல இருக்கறது. இப்பிடி வெளுப்பா இருக்காது. நல்ல கறுப்பு. பாழுங்கிணத்த எட்டிப் பாத்தா இருக்குமே, அந்தக் கறுப்பு. சுத்தி இருக்கறதும் இப்பிடிப் புகையா இருக்காது. இழை இழையா, அசையாம நிக்கும்."

சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் காய்கறி வண்டிக்காரர் தக்காளி, தக்காளி என்று கூவிக்கொண்டு போனார்.

"ஈ எதுவும் வரலை கிரேஸ்," என்றார்.

அவர் மெதுவாகச் சொன்னார்.

"சுவத்துல இருந்த என் நெழல் முதல்லயே போயிருச்சு. அதுக்கெல்லாம் நான் அசையலை. எண்ணிட்டேதான் இருந்தேன். பக்கத்துல அந்த ஹெட்மாஸ்டர், பாக்கவே மாட்டேன்னு சொன்னாரே, அவரு மேல பாத்துட்டுக் கையக் கூப்பிக்கிட்டு அழுவுறாரு. சத்தமில்லாம, தாரை தாரையா. ஒரு மனுஷன் எதப் பாத்து இப்பிடி அழுவுறான்னு பாக்க வேணாமா? திரும்பிட்டேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"வாயத் தொறந்தேன். 'கிரே'ன்னு பாதி வந்துருச்சு. அத முழுங்கறதுக்குத்தான் இருமினேன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். அளவுத் தண்ணீரில் ஒரு மடக்கு. "கூப்பிட்டிருந்தா நீ வெளிய வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். துணிக்குள்ளிருந்தே "எண்ணுங்க" என்று கத்தியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்த எழுபது வயதில் என்னைப் பற்றி நான் வருத்தப்படுகிற விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூப்பிட்டாலும் வராதவள் என்று என் புருஷன் ஒரே வருஷத்தில் என்னைத் தெரிந்துவைத்திருந்தார்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை? நான் எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்."

"நீ பாக்கலியே," என்றார். "ரெண்டு பேரு உக்காந்த பந்தியில ஒரு எலைக்கு மட்டும் பாயசம் ஊத்திட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னு பக்கத்து எலைக்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை.

"உன்னையும் பாத்தேன்," என்றார். "கறுப்புத் துணிக்குக் கீழ ரெண்டு காலு. கால் விரல மடக்கி மடக்கி நிமித்திட்டு இருந்த. நான் எண்ணாம விட்டுட்டேன்னு பதட்டம். அந்த வெளிச்சம் உன் கால் மேல விழுந்துட்டு இருந்துச்சு. விடியற வெளிச்சமும் இல்லை, நிலா வெளிச்சமும் இல்லை. உனக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியலை."

கரோனாவின் வெப்பம் எனக்குத் தெரியும். அடர்த்தி தெரியும். அதன் காந்தப்புலத்தைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அதன் வெளிச்சம் ஒரு பிற்பகலில் என் காலில் விழுந்து கிடந்ததை இட்லி தின்றுகொண்டே ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது தகடு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில், பழைய போர்வையில் சுற்றிக் கிடக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் எனக்கு அதன் ஞாபகம் வந்தது. கட்டையில் போகிறவரை போகாத புத்தி. அந்த ஒரு எண் மட்டும் கிடைத்தால், இத்தனை காலத்துக்குப் பிறகும் அதை அளந்துவிடலாம்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

அருள்ராஜ் யோசித்தார். ஆலயத்தில் தட்டுவாரே, அப்படி அவருடைய வலது கால் தரையில் ஒருமுறை தட்டியது. இன்னொரு முறை தட்டியது. பிறகு நின்றுவிட்டது.

"அத மட்டும் நான் எண்ணலை கிரேஸ்," என்றார்.